உயரம் 162 செ.மீ., எடை 79 கிலோ: என் இலக்கு எடை எவ்வளவாக இருக்க வேண்டும்?

கேள்வி: வயது 41, பெண். எட்டு மாதங்களுக்கு முன் 88 கிலோ இருந்தேன். உணவுக் கட்டுப்பாட்டில் 79-க்கு வந்திருக்கிறேன். கைப்பேசிச் செயலி என் இலக்கு 54 கிலோ என்கிறது. இன்னும் 25 கிலோ என்று நினைத்தாலே சோர்வாக இருக்கிறது. 54 சாத்தியமா? இல்லையென்றால் எதை இலக்காக வைப்பது?

பதில்:

54-ஐ அழித்துவிட்டு 75 என்று போட்டுக்கொள்ளுங்கள். அங்கே சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டு, 72 வரை போகலாமா என்று அப்போது முடிவு செய்யலாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரிய வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள். நான் மருத்துவர் அல்ல. உயரம் 170 செ.மீ.; 94 கிலோவிலிருந்து இறங்கி, சில ஆண்டுகளாக 78-ஐ ஒட்டி நிற்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று துருவும் பழக்கம் உண்டு.

உங்கள் 54-ஐயும் துருவினேன். பெண்ணென்றால் 5 அடிக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. 162 செ.மீ. என்பது 63.8 அங்குலம். போட்டுப் பார்த்தால் 54.2 வருகிறது. செயலி பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்தியிருக்கும். 1974-ல் டெவைன் என்பவர் இதை எழுதியது ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பற்றிய கட்டுரையில், நோயாளிக்கு எவ்வளவு மருந்து செலுத்துவது என்று கணக்கிடுவதற்காக. மருந்தளவுக்கு அது போதும். உங்கள் வயதையோ, தசையின் அளவையோ, எத்தனை ஆண்டுகளாக எந்த எடையில் இருந்தீர்கள் என்பதையோ அது கேட்பதே இல்லை. அரைநூற்றாண்டு கழித்து அது ஒருவரைச் சோர்வடையச் செய்கிறது என்றால் அதில் டெவைனின் குற்றம் ஒன்றுமில்லை.

அடுத்து எல்லோரும் கையில் எடுப்பது பி.எம்.ஐ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற புள்ளியியல் அறிஞர் மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராயக் கண்ட கணக்கு அது. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார்கள். 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்பது பொதுவான வரையறை. உங்கள் உயரத்துக்கு அது 48.6 முதல் 65.3 கிலோ வரை வருகிறது. ஏறக்குறைய 17 கிலோ இடைவெளி! அதற்குள் எங்கோ ஒரு புள்ளியில் உங்கள் 'சரியான' எடை ஒளிந்திருப்பதாக நினைப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஆனால் பி.எம்.ஐ. முழுக்கப் பயனற்றது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் 23-ஐயும் 27.5-ஐயும் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. 27.5-க்கு மேல் அபாயம் அதிகம் என்பது அதன் பொருள். உங்கள் உயரத்துக்கு 27.5 என்றால் 72 கிலோ. நான் மேலே சொன்ன 72 அங்கிருந்துதான் வந்தது. அழகுக்காகத் தேர்ந்த எண் அல்ல.

இப்போது 54-க்குப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்ப்போம். 88-லிருந்து 54 என்றால் தொடக்க எடையில் 39 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 1997-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல் பருமனுக்குச் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் இலக்கு எடையைக் கேட்டார்கள். சராசரியாக 32 சதவீதம் குறைய வேண்டும் என்றார்கள். கூடவே 'கனவு எடை', 'மகிழ்ச்சி தரும் எடை', 'ஏற்கத்தக்க எடை', 'ஏமாற்றம் தரும் எடை' என்று நான்கையும் எழுதி வாங்கினார்கள். 17 கிலோ குறைவது அவர்களுக்கு ஏமாற்றம் தரும் கணக்கில் வந்தது. 48 வார சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் சராசரியாக இழந்தது 16 கிலோ. ஏறக்குறைய பாதிப் பேர் அந்த ஏமாற்ற எடையைக்கூட எட்டவில்லை. 16 கிலோ என்பது மருத்துவக் கண்ணில் மிகப் பெரிய வெற்றி. அதை எட்டியவர்களைத் தோற்றவர்களாக உணரவைத்தது அவர்கள் முதலில் எழுதிய எண்தான்.

இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. செமாக்ளுடைட் ஊசி மருந்தை வாரம் ஒரு முறை 2.4 மில்லிகிராம் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. உங்கள் 88-க்கு அதைப் பொருத்தினால் 75 கிலோ. பசியையே மட்டுப்படுத்தும் மருந்தை வைத்துக்கொண்டு மனிதர்கள் சராசரியாக எட்டிய இடம் அது. மருந்தே இல்லாமல் நீங்கள் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள். செயலி இதைச் சொல்லியிருக்காது.

அந்த 10 சதவீதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு எல்லாம் 5 முதல் 10 சதவீதம் குறைவதிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மாறத் தொடங்குகின்றன. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த தடுப்பு ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் வாழ்க்கைமுறைக் குழுவுக்குக் கொடுத்த இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் மட்டுமே. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. எனக்கும் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1-லிருந்து 5.5-க்கு இறங்கியது, அதற்குப் பிறகு இறங்கிய கிலோக்கள் அந்த எண்ணை அசைக்கவில்லை.

இனி என் முக்கியமான கருத்து. வீடு வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை, மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்க்கிறோம். இலக்கு எடைக்கும் தவணை இருக்கிறது. அந்த எடையை அடைந்த மறுநாளிலிருந்து, ஒவ்வொரு நாளும், எவ்வளவு சாப்பிட்டால் அங்கேயே நிற்க முடியும் என்பதுதான் அது. எடை குறைக்கும்போது எல்லோரும் இறங்கும் கணக்கை மட்டும் போடுகிறார்கள். நான் தவணையை முதலில் கணக்கிடச் சொல்கிறேன்.

கணக்கு கடினமில்லை. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்குங்கள், செ.மீ.-இல் உள்ள உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள், இன்னும் 161 கழியுங்கள். இது உடல் சும்மா இருக்கவே தேவைப்படும் கலோரி. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்து, கொஞ்சம் நடப்பவர் என்றால் அதை 1.4-ஆல் பெருக்கலாம். உங்களுக்குப் போட்டால் 88 கிலோவில் நாளுக்குச் சுமார் 2,140 வருகிறது, 79-ல் 2,010, 72-ல் 1,910, 54-ல் 1,660. தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் சில நூறு கலோரி மாறலாம். எடை குறைந்த உடல் இந்தக் கணக்கு சொல்வதைவிடவும் கொஞ்சம் சிக்கனமாக எரிப்பதுண்டு. அதனால் உண்மையில் சாப்பிடக்கூடிய அளவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

72-க்கும் 54-க்கும் இடையே நாளொன்றுக்கு 250 கலோரி வேறுபாடு. ஒரு நாளுக்கு என்றால் ஒன்றுமே இல்லை. விருந்து, நோய், பயணம், வேலைப் பளு, தூக்கமில்லாத இரவு எல்லாம் வரும் ஆண்டுகள் முழுக்க, ஒவ்வொரு நாளும் அந்த 250-ஐக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே இப்படிச் செய்யுங்கள்: 72-க்குரிய 1,900 கலோரியை இரண்டு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு வாரம் 1,660. எந்த அளவில் சாப்பாட்டை மறந்து வேலையைப் பார்க்க முடிகிறது, எந்த அளவில் அடுத்த வேளையை எண்ணிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இந்த நான்கு வாரங்களில் எடை பார்க்கும் கருவி என்ன சொன்னாலும் பொருட்படுத்த வேண்டாம்.

நான் 71 கிலோ வரை போயிருக்கிறேன். ஆசியர்களுக்கான 23 என்ற எச்சரிக்கைப் புள்ளியின்படி அதுவும் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். எல்லோரும் குளிரில்லை என்னும்போது எனக்கு மட்டும் குளிர்ந்தது. பேச்சு எங்கே தொடங்கினாலும் உணவில் போய் முடிந்தது. விருந்து அழைப்புகளைத் தட்டிக் கழித்தேன். வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். பி.எம்.ஐ.க்குப் பெயர் சூட்டிய அதே ஆன்செல் கீஸ், 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களைப் பாதிப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களும் குளிரைத் தாங்க முடியாமல் போனார்கள், எரிச்சல்பட்டார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். அவர்கள் என்னைவிட மிகவும் மெலிந்துபோனவர்கள், என் நிலைமையை அதோடு ஒப்பிடுவது அதிகப்படி. ஆனால் அறிகுறிகளின் பட்டியலைப் படித்தபோது எனக்குப் பரிச்சயமாக இருந்தது. 78-ல் இவை எதுவும் இல்லை. இடுப்புச் சுற்றளவு 104-லிருந்து 89-க்கு வந்து நிற்கிறது. செயலி இன்றைக்கும் என் படத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறம் காட்டுகிறது, காட்டட்டும்.

இடுப்பைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது: நாடாவை எடுத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் அதிகத் தொல்லை தருவது. உயரத்தில் பாதிக்குக் கீழே இடுப்பு இருப்பது நல்லது என்று பல மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உங்களுக்கு அது 81 செ.மீ. எடை நகராமல் நிற்கும் மாதங்களில் இடுப்பு குறைவதுண்டு, முக்கியமாகத் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் போதிய புரதமும் இருந்தால். இழக்கும் எடை அத்தனையும் கொழுப்பு அல்ல, கொஞ்சம் தசையும் போகும். அதைக் குறைக்க இந்த இரண்டும்தான் வழி.

இன்னொன்று, 25 வயதுக்குப் பிறகு பெரிய முயற்சி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் நிலையாக இருந்த மிகக் குறைந்த எடை எது என்று யோசித்துப் பாருங்கள். பழைய படங்களும் மருத்துவச் சீட்டுகளும் உதவும். அது 68 என்றால் 54-ஐப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. அது 58 என்றால் நான் சொன்ன 72-க்குக் கீழேயும் உங்களுக்கு இடம் இருக்கலாம். செயலி இதைக் கேட்பதே இல்லை.

இலக்கை ஒற்றை எண்ணாக வைக்காமல் 74 முதல் 76 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு, மாதவிடாய், முந்தைய நாள் சாப்பாடு இவற்றாலேயே எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். சேமித்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கிறது. டயட்டின் முதல் வாரம் எல்லோருக்கும் அற்புதமாக இருப்பதும், ஒரு விருந்துக்கு மறுநாள் உலகமே இடிந்ததுபோல் இருப்பதும் பெருமளவு இந்த நீரால்தான்.

தைராய்டுக் கோளாறு, ஸ்டீராய்டு அல்லது இன்சுலின் போன்ற மருந்துகள், கர்ப்பத் திட்டம், உணவுமுறைச் சிக்கல்களின் வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் நான் போட்ட கணக்கை ஒதுக்கிவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய் தவறினாலோ, தலைமுடி கொத்தாக உதிர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ இலக்கு எதுவானாலும் நிறுத்திவிடுங்கள்.

79-லிருந்து 75 என்பது 5 சதவீதம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் துரத்த வேண்டாம். 75-க்கு வந்ததும் மூன்று மாதம் இறங்கவும் முயலாமல், ஏறவும் விடாமல் இருங்கள். அதன் முடிவில் வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு வகைகள், இரத்த அழுத்தம் நான்கையும் பார்த்து, 88-ல் எடுத்த பழைய அறிக்கை இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "என் எடை எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேட்டால் அவரும் பட்டியலைத்தான் பார்ப்பார். "இன்னும் மூன்று கிலோ குறைத்தால் இந்த அறிக்கையில் எது மாறும்?" என்று கேளுங்கள்.