வீட்டு பிளக்கில் கேரவன்: வயர்மேன் பதில்கள்

கேள்வி: பென்னாகரத்தில் மாமா வீட்டு வாசலில் கேரவனை (தங்கும் வசதி உள்ள வண்டி) நிறுத்திவிட்டு மறுநாள் ஒகேனக்கல் போகிறோம். வெளியே 5 ஆம்ஸ் பாயிண்ட்தான் இருக்கிறது. கன்வர்ஷன் பிளக் (பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்ட்டில் மாட்ட உதவுவது) போட்டு ஏசி ஓட்டலாமா?

வேண்டாம். நாம் 5 ஆம்ஸ் என்று சொல்லும் பாயிண்ட் 6 ஆம்பியருக்குச் செய்தது. 230 வோல்ட்டில் 1380 வாட்ஸ்தான் தாங்கும். ஏசி மட்டுமே ஆயிரத்துச் சொச்சம் இழுக்கும். ஃப்ரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் சேர்ந்தால் தாண்டிவிடும். பாலக்கோட்டில் இப்படி ராத்திரி முழுக்க ஓட்டிய ஒரு பாயிண்ட்டைக் காலையில் கழற்றினேன். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்தது, வயரின் உறை விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று பார்த்தால், ஃபியூஸ் கம்பி மாட்டும் கேரியரில் யாரோ தடித்த கம்பியைச் சுற்றியிருந்தார்கள்! வாஷிங் மெஷினுக்கோ கீசருக்கோ மெயினிலிருந்து தனி வயரில் வந்த 15 ஆம்ஸ் பாயிண்ட் இருந்தால் மாமாவிடம் அதைக் கேளுங்கள். அதிலும் வண்டியின் கீசரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போடாதீர்கள். அரை மணி கழித்து பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாந்தோப்பு வீட்டில் பிளக் கொடுத்ததும் வண்டிக் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது. மழை ஈரமா?

ஈரம் இல்லை அய்யா, எர்த் இல்லை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வண்டி டயர் மேல் நிற்கிறது. கசியும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கும். செருப்பில்லாத குழந்தை கதவைத் தொட்டால் அந்தக் குழந்தைதான் எர்த் வயர். மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். போர்டுக்குள் அந்த வயர் மாட்டாமலே தொங்குவதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். நம் பக்கம் கருங்கல் பூமி வேறு, கோடையில் எர்த் குழி காய்ந்தால் பலனில்லை. உள்ளூர் வயர்மேனை வைத்துச் சோதித்த பிறகே மறுபடி மாட்டுங்கள். வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, ட்ரிப் ஆகிறதா பாருங்கள்.

கேள்வி: 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனுக்கு என்ன வயர்?

2.5 ஸ்கொயர் எம்.எம். (கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு), மூன்று கோர் (உள்ளே மூன்று தனி வயர்), செம்பு. 1 ஸ்கொயர் வயரில் 10 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 10 வோல்ட் போய்விடும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் ஊரில் கம்ப்ரசர் திணறும். டிரம்மில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள். சூடு வெளியேறாமல் உறை உருகும்.

கேள்வி: கரண்ட் போனால், இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வண்டி இன்வர்ட்டரிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. கையில் இருக்கும் பிளக்கின் வெளியே நீட்டிய கம்பியிலேயே கரண்ட் இருக்கும். மெயினை அணைக்க மறந்தால் அது லைனுக்கு ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேனை அடிக்கும். ஒரு ஃபேன், ஒரு லைட்டை வண்டியிலிருந்து தனி எக்ஸ்டென்ஷனில் கொடுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது?

1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் 8 யூனிட் வரை வரும். வண்டி வயரிலேயே சின்ன சப் மீட்டர் மாட்டிவிட்டால், கிளம்பும்போது இருவரும் சேர்ந்து பார்த்துக் கணக்கு முடிக்கலாம்.