மடங்கிப் போன பைகஸ் துளிர்

கேள்வி: உடுமலை பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். கேட்டிலிருந்து வீடு வரை வரிசையாக பைகஸ் மரம் வைத்து, மாதம் ஒரு தடவை உருண்டையாக வெட்டி விடுகிறோம். பங்குனியில் வந்த துளிரெல்லாம் நடுநரம்போடு மடங்கி, செம்பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. மரத்தடியில் நின்றால் கழுத்தில் ஏதோ கறுப்பாக விழுந்து சுருக்கென்று கடிக்கிறது. கிணற்றடிப் பூவரசிலும் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்திருக்கிறது. பக்கத்தில் மிளகாய் போட்டிருக்கிறேன், அதற்குப் பரவுமா? மருந்துக்கடையில் வீரியமான மருந்தாக அடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: முதலில் மடங்கிய இலை ஒன்றைப் பறித்து, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பிரித்துப் பாருங்கள். உள்ளே 3 மில்லிமீட்டர் நீளத்தில் ஒல்லியான கறுப்புப் பூச்சிகளும், வெளிர்மஞ்சள் குஞ்சுகளும், முட்டைகளும் ஒன்றாக இருந்தால் அது பைகஸ் இலைப்பேன். கழுத்தில் கடிப்பதும் அதுதான். விஷமில்லை, அரிப்போடு போய்விடும். மிளகாயைப் பற்றிக் கவலை வேண்டாம். மிளகாயைத் தாக்கும் இலைப்பேன் வேறு இனம். இது பைகஸ் போன்ற ஆல், அத்தி குடும்பத்து மரங்களை விட்டுப் பெரும்பாலும் போகாது.

மேலே அடிக்கிற மருந்து மடிப்புக்குள் போகாது. பூச்சி உள்ளே பத்திரமாக இருக்கும், வெளியே திரிகிற நல்ல பூச்சிதான் சாகும். அதே இலையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இலைப்பேனைவிடத் தடித்த சிறு நாவாய்ப்பூச்சி ஒன்றும், கிடுக்கி மாதிரி வாயுள்ள பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் தென்படலாம். இரண்டும் இலைப்பேனைத் தின்று வாழ்பவை. துளிர் வந்ததும் இலைப்பேன் முந்திக்கொள்ளும், இவை கொஞ்சம் தாமதமாகத்தான் பெருகும். அந்த இடைவெளியில் நாம் பொறுமை இழந்து மருந்து அடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறோம்.

உண்மையில் உங்கள் மரத்துக்கு வினை அந்த மாதாந்திர வெட்டுதான். வெட்ட வெட்டப் புதுத் துளிர் வருகிறது. இலைப்பேனுக்கு வேண்டியதும் அதுதான், முற்றிய இலையில் அதற்கு வேலையில்லை. இப்போது மடங்கிய நுனிகளை மட்டும் கிள்ளி, பிளாஸ்டிக் சாக்கில் போட்டு இறுகக் கட்டி, ஒரு வாரம் சுள்ளென்ற வெயிலில் வைத்துவிடுங்கள். குப்பைமேட்டில் சும்மா கொட்டினால் பறந்து மரத்துக்கே வந்துவிடும். கிள்ளும்போது கையுறை போடுங்கள், பைகஸ் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும். அதன்பின் இரண்டு மூன்று மாதம் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். யூரியாவும் வேண்டாம். உருண்டை வடிவம் கொஞ்சம் கலையும், கலையட்டும். வளர்ந்த மரம் இலைப்பேனால் சாகாது, பார்வைக்குத்தான் அசிங்கம்.

அடுத்து வரும் துளிர் மடங்குவதற்கு முன்பே அடிக்க வேண்டுமென்றால், லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் அடிக்கலாம். முதலில் ஒரு கிளையில் அடித்து, இரண்டு நாள் கழித்து இளந்துளிர் கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதற்கு அடியுங்கள். வேரில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. தண்ணீரில் எளிதாகக் கரைகிற மருந்து அது. கிணறு இருக்கிற தோட்டத்தில், அழகுக்கு வைத்த மரத்துக்காக அதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, பூவரசுக்கு வருவோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது மாவுப்பூச்சி. நசுக்கினால் மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வாரிச் சுருட்டியது நினைவிருக்கும். மருந்துக்கு அது மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட அசெரோபேகஸ் என்ற குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. இன்றும் அந்தக் குளவி நம் தோட்டங்களில் இருக்கிறது. வெள்ளைக்கு நடுவே உப்பி, பழுப்பாக இறுகி, ஓட்டை விழுந்த மாவுப்பூச்சிகள் கண்ணில் பட்டால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் எதையும் அடிக்காதீர்கள்.

அப்படி ஒன்றுமே இல்லையென்றால், மொய்த்த கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடியுங்கள். அப்புறம் எறும்பு. மாவுப்பூச்சி விடும் தேனுக்காக அது காவல் நின்று குளவியை விரட்டும். அடிமரத்தில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டை மீது நேரடியாகத் தடவ வேண்டாம். பக்கத்து மரத்தின் கிளை உரசிக்கொண்டிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.