பின்சுவரில் சாத்திய கதவு

அன்புள்ள அக்கா,

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீடு. அம்மா எதையும் எறிய விடமாட்டா. பால்மா ரின், ஐஸ்கிறீம் பெட்டி, உரப்பை, பழைய தகரம், கால் உடைந்த கதிரைகள், மீள்குடியேறியபோது தந்த தரப்பாள் என்று வீடு முழுக்கச் சாமான். குசினிப் பின்சுவரில் ஒரு பாலைமரக் கதவு வேறு சாத்தியிருக்கிறது. எங்கள் வீட்டு நிலை எதற்கும் அது பொருந்தாது. குறைந்த சாமான்களோடு எளிமையாக வாழ்வது பற்றி நிறைய வீடியோ பார்க்கிறேன். ஒரு வருடம் தொடாத பொருள் தேவையில்லாத பொருள் என்கிறார்கள். பழைய முதிரை அலுமாரியின் கதவுகளைக் கழற்றி, வெள்ளைப் பெயின்ற் அடித்து, குசினித் தட்டாக்கிவிட்டுப் புது அலுமாரி ஒன்று தவணைக்கு எடுக்க விருப்பம். அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் சாமான்களை முற்றத்தில் பரப்பிவிட்டு நடுவில் இருந்தேன். மழை தொடங்க முன் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்வேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடிப்போம். வெளியே கிடக்கும் ரின், பெட்டி, யோகட் கோப்பை எல்லாவற்றையும் இந்தக் கிழமையே அகற்றுங்கள். தண்ணி தேங்கினால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். அடுக்கிய தகரத்துக்குக் கீழே புடையன் பாம்பு படுக்கும். தடியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், பழைய இரும்பு எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். கதிரைக்குக் கால் போட முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் விறகு. உரப்பை நெல்லுக்கு உதவும். தரப்பாளைத் தொடாதீர்கள்.

அந்த ஒரு வருடக் கணக்கைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. யாரோ எந்த ஊரிலோ தங்கள் வீட்டுக்குச் சொன்ன கணக்கைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைக்கிறீர்களே! அந்தத் தரப்பாளுக்குக் கீழே எத்தனை மாதம் சமைத்தா, மழை இரவில் உங்களை எந்த மூலையில் படுக்க வைத்தா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? அவ பயத்தில் சேர்க்கிறா என்று நினைக்கிறீர்கள். இருக்கலாம். அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியும்.

அலுமாரிக்கு வருகிறேன். முதிரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிக்க எப்படி மனம் வந்தது? சீவினால் மஞ்சளாய், பட்டுத்துணி போல மினுங்கும் மரம் அது. இன்று ஒரு முதிரைப் பலகையை வண்டியில் ஏற்றிப்போகவே வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அடியில் கறையான் தின்றிருந்தால் தின்ற அளவுக்குக் காலை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் கழிவு ஒயில் பூசி, சீமெந்துக் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். சுவரில் முட்டக்கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கள். பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் புதிதாய் ஒரு பூச்சு. போதும். குசினித் தட்டாக்குவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் கதவைக் கழற்றாதீர்கள். எலி சும்மா விடாது.

தவணைக்கு எடுக்கப்போகிற அந்தப் புது அலுமாரி எதனால் செய்தது? மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து வெள்ளம் வந்தபோது முரசுமோட்டையில் என் சின்னம்மா வீட்டில் அப்படி ஒன்று நின்றது. தண்ணி வற்றிப் போய்ப் பார்க்கிறோம், அடிப்பலகை ஊறிய பாண் போல வீங்கி, கை வைக்க உதிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் நின்ற பழைய வேப்பமரப் பெட்டகத்தை நிழலில் காயவிட்டு அடுத்த கிழமையே அரிசி போட்டா. உதிர்ந்துபோன அலுமாரிக்கு இன்னும் ஏழு மாதத் தவணை கட்டக் கிடந்தது. எளிமையாக வாழ ஆசைப்படுகிற பிள்ளை மாதா மாதம் கடன்காரருக்குப் பயந்து இருக்கலாமா? வீட்டைத் துப்புரவாக்குங்கள், நல்லது. எடுத்த இடத்தை நிரப்பக் கடைக்குப் போகாதீர்கள். எனக்கு மூன்று முறை எழுதினாலும் மூன்று முறையும் இதைத்தான் சொல்வேன்.

சரி, அந்தக் கதவு. நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

2008 ஆவணியில் போர் நெருங்கி அக்கராயனில் இருந்து வெளிக்கிட்டபோது அப்பா கூரை ஓடுகளையும் நிலைகளையும் கதவுகளையும் கழற்றி ட்ராக்டர் பெட்டியில் ஏற்றினார். ஓடு தருமபுரத்தோடு சரி. அம்மாவின் அலுமாரி விசுவமடுவில் நின்றுவிட்டது. கட்டிலைத் தேவிபுரத்தில் கொத்தி அடுப்பு எரித்தோம். முன்வாசல் பாலைக் கதவு மட்டும் மாத்தளன் வரை வந்தது. தண்ணியில் போட்டால் தாழ்கிற மரம், நாலு பேர் தூக்க வேண்டும். அங்கே கடற்கரை மணல். பங்கர் வெட்ட வெட்டச் சரியும். சேலைகளை வெட்டி மண்பை தைத்து அடுக்கினோம். மேலே அந்தக் கதவைப் போட்டு அதற்கும் மேல் மண்பை.

கதவின் உட்பக்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. ஒவ்வொரு காலபோகத்துக்கும் எத்தனை மூடை நெல் என்று அப்பா அடுப்புக்கரியால் அதில்தான் எழுதி வைப்பார். 2003க்கு நேரே 62. அடுத்த வருடம் 58. மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே அந்தக் கணக்கு. செல் விழுகிற நேரங்களில் அப்பா மேலே இருந்து கீழே வாசிப்பார், முடிந்ததும் திரும்பத் தொடங்குவார். அக்காவின் மகன் அதைப் பார்த்துத்தான் இலக்கம் பழகினான். 2009 சித்திரை 20ஆம் திகதி கையில் ஒரு பையோடு வெளியே வந்தோம். கதவு அங்கேயே கிடந்தது.

திரும்பி வந்து முதல் வெள்ளாமை வெட்டிய அன்று, அப்பா கரித்துண்டோடு கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சுற்றிவரத் தகரம். எழுதிப் பார்த்தார், கரி பிடிக்கவில்லை. கரியை அடுப்புக்குள் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அந்த வருடம் எத்தனை மூடை என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கச்சி, அந்தக் கதவு யாருடைய வீட்டு வாசலில் நின்றது, எப்படி உங்கள் பின்சுவருக்கு வந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். திருத்துவதற்காகக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள். அவ சம்மதித்தால் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள். கதவை அறுக்க வேண்டாம். கீழே இரண்டு தாங்கி அடித்து அப்படியே மேலே வைத்தால் ஆறு பேர் இருந்து சாப்பிடலாம். மேற்பக்கத்தை மட்டும் சீவி வார்னிஷ் அடிக்கட்டும். கீழே வரப்போகும் பக்கத்தை முதலில் துடைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் சீவுளி படக்கூடாது.

அன்புடன்,
அக்கா