வறுமைதான் காரணம் என்றால் கோட்பாடு எதற்கு?

கேள்வி: சமூகவியல் முதுகலை படிக்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் பெண் குழந்தைகள் குறைவாக இருப்பது பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். வறுமையும் படிப்பின்மையும்தான் காரணம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் கைடு, "கோட்பாட்டு அத்தியாயம் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கோ இருக்கும் பேராசிரியர்களின் பெயர்களை இருபது பக்கத்துக்கு எழுதினால் எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரிந்துவிடப் போகிறது?
— ஒரு மாணவி, அரூர்

பதில்: பெயர்களை இருபது பக்கத்துக்கு அடுக்கினால் ஒன்றும் தெரியாது. அப்படி ஓர் அத்தியாயம் எழுத வேண்டாம். ஆனால் "வறுமையும் படிப்பின்மையும்தான் காரணம்" என்கிறீர்களே, அதுவும் ஒரு கோட்பாடுதான். அதை நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. இப்போது சோதிப்போம்.

2011 கணக்கெடுப்பின்படி, ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள்; தர்மபுரியில் 913. எழுத்தறிவிலும் மாநிலத்தின் கடைசி மாவட்டம் தர்மபுரிதான், 68.5 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நீங்கள் சொல்வது சரியென்றே படும். ஆனால் அதே கணக்கெடுப்பில் பஞ்சாபுக்கு 846, ஹரியானாவுக்கு 834. அவை ஏழை மாநிலங்களா? நாடு முழுமைக்கும் 919 என்றிருக்க, பழங்குடியினரிடையே 957. வறுமை காரணமென்றால் இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு குழியும் இருக்கிறது. மாவட்டத்தின் சராசரியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பை வைத்து ராபின்சன் என்பவர் 1950ல் இதைக் காட்டினார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஒட்டுறவுக் கெழு (இரண்டும் சேர்ந்து கூடுகின்றனவா, ஒன்று கூட மற்றது குறைகிறதா என்று மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை காட்டும் எண்) மைனஸ் 0.53. ஆள் ஆளாகப் பார்த்தபோது அது பிளஸ் 0.12 ஆகிவிட்டது. குடியேறியவர்களில் படிக்காதவர்கள் சற்று அதிகம்தான். ஆனால் அவர்கள் போய்த் தங்கியது படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில். தர்மபுரியில் படிக்காதவர் அதிகம் என்பதாலேயே படிக்காத தாய்தான் பெண் குழந்தையை வேண்டாமென்கிறாள் என்று எழுதினால், இந்தக் குழியில்தான் விழுவீர்கள். அதோடு, நீங்கள் குற்றம் சுமத்துவது பாதி ஊர்ப் பெண்கள்மீது. ஆதாரமில்லாமல் அதைச் செய்யக் கூடாது.

இனி நீங்கள் வேண்டாமென்ற பேராசிரியர்களுக்கு வருவோம். பிரணாப் பர்தன் 1974ல் ஒரு விளக்கம் சொன்னார்: நாற்று நடவுக்குப் பெண்ணின் கை தேவைப்படும் நெல் பிரதேசங்களில் பெண் குழந்தை பிழைக்கிறது, கோதுமைப் பிரதேசத்தில் அவ்வளவாக இல்லை. டிம் டைசனும் மிக் மூரும் 1983ல் வேறொன்று சொன்னார்கள்: தெற்கில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கிறார்கள், பெண் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறாள், அதனால் அவள் பேச்சுக்கு மதிப்புண்டு, மகளுக்கும் இடமுண்டு.

இரண்டையும் உங்கள் மாவட்டத்துப் பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் கொண்டுவந்து பாருங்கள். அங்கே அக்கா மகளைக் கட்டுவது புதிதில்லை. ஆகவே டைசன்–மூர் கணக்குப்படி பெண் குழந்தைகள் குறையக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் பெண் சிசுக் கொலை எங்கெங்கே நடக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் அத்ரேயாவும் 1997ல் எழுதியபோது, அந்தப் பட்டையில் தர்மபுரியும் இருந்தது. பர்தனிடம் போனால் சிக்கல் இன்னும் சுவையானது. இது ராகியும் சாமையும் நிலக்கடலையும் விளையும் மானாவாரிப் பூமி. நெல்தான் பெண்ணைக் காக்கிறது என்றால் இங்கே குறைவது பொருந்தும். பெண்ணின் உழைப்புதான் காக்கிறது என்றால் பொருந்தாது. ஏனென்றால் இங்கே களையெடுப்பதும் கடலைக்காய் பறிப்பதும் பெண்கள்தான். பயிரா, உழைப்பா, உழைத்த கூலி யார் கையில் சேர்கிறது என்பதா? பர்தனைப் படிக்காமல் போயிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு எழுந்திருக்காது.

மூன்றாவது விளக்கத்தைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன். மோனிகா தாஸ் குப்தாவும் மாரி பட்டும் 1997ல் சொன்னது: குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது, "ஒரு பையனாவது வேண்டும்" என்ற ஆசை அதே வேகத்தில் குறையவில்லை. கணக்குப் போடுங்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் ஐந்துமே பெண்ணாக இருக்கும் வாய்ப்பு 32ல் 1. இரண்டோடு நிறுத்தும் வீட்டில் அது 4ல் 1. நெருக்கடி எட்டு மடங்கு. இது சரியென்றால் முதல் குழந்தையில் குறைவு தெரியக் கூடாது. மூத்தது பெண்ணாக உள்ள வீடுகளின் இரண்டாம், மூன்றாம் பிரசவத்தில்தான் தெரிய வேண்டும். முதல் பிரசவத்திலேயே குறைவு தெரிந்தால் இந்த விளக்கம் போதாது. வேறு தேட வேண்டும்.

இப்போது பதிவேட்டுக்குப் போங்கள். மாவட்டச் சுகாதார அலுவலரிடம் எழுத்து அனுமதியும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் முதலில். கிராம சுகாதார செவிலியரின் பதிவுகளில் தாயின் ஊர், எத்தனையாவது பிரசவம், குழந்தை ஆணா பெண்ணா, இறந்திருந்தால் எத்தனையாம் நாள் என்பவற்றை மட்டும் எடுங்கள். பெயர் வேண்டாம். பிறந்த இடத்தை வைத்து எண்ணாதீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவார்கள், கணக்கு ஊர் மாறிவிடும்.

பிறப்பையும் இறப்பையும் தனித்தனியாக வையுங்கள். ஸ்கேன் பார்த்துக் கலைத்தால் அது பிறப்பு விகிதத்தில் தெரியும். பிறந்தபின் கொன்றாலோ கவனிக்காமல் விட்டாலோ இறப்பில் தெரியும். இயல்பாக முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். பெண் இறப்பு அதைத் தாண்டினால் காரணம் உடம்பில் இல்லை. வளர்க்க மனமில்லாமல் அரசுத் தொட்டிலில் விடப்பட்ட குழந்தையின் குறைவு இரண்டிலும் தெரியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கி 2001ல் தர்மபுரிக்கு வந்தது. அந்த எண்ணைத் தனியாகக் கேளுங்கள். இன்னொன்று: 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்தது. 2001ல் அச்சான தர்மபுரி அட்டவணையையும் 2011 அட்டவணையையும் அப்படியே ஒப்பிட்டால், இரு வேறு மாவட்டங்களை ஒப்பிட்டவராவீர்கள்.

எத்தனை பிறப்பு வேண்டும்? நான்கு கிராமத்தில் 400 பிறப்பை எடுத்தால், எந்தப் பாகுபாடும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே விகிதம் சுமார் 780 முதல் 1,160 வரை எங்கும் நிற்கலாம். 913ஐ இயல்பான 950லிருந்து பிரித்துச் சொல்லக் குறைந்தது 9,700 பிறப்பு தேவை. 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்; ஆயிரத்துக்கு 15 பிறப்பு என்றால் ஆண்டுக்கு 450. இரண்டு நிலையங்களின் பதினோரு ஆண்டுப் பதிவு உங்களுக்கு வேண்டும். பிரசவ வரிசைப்படி பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் எண் சுருங்கும் என்பதால், கூடுதலாக ஒரு நிலையத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அதன்பிறகே வீடுகளுக்குப் போங்கள். "ஏன் பெண் வேண்டாம்?" என்று கேட்காதீர்கள், வெளியாளுக்குச் சொல்லத்தக்க பதில் வரதட்சணை, எல்லோரும் அதையே சொல்வார்கள். பாட்டி, அம்மா, மகள் மூவரிடமும் அவரவர் கல்யாணத்தில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பரிசம் போட்டுப் பெண்ணெடுத்த வழக்கம் எந்தத் தலைமுறையில் நகையாகவும் பைக்காகவும் திசை மாறியது என்பது அதில் வரும். மாமியார் இருக்கும்போது மருமகளிடம் பேச வேண்டாம். கருக்கலைப்பைப் பற்றி நேராகக் கேட்கவே வேண்டாம்: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிவது 1994 சட்டப்படி குற்றம், உங்கள் நோட்டுப்புத்தகம் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது.

கைடு கேட்கும் அத்தியாயத்துக்கு எட்டுப் பக்கம் போதும். மேலே உள்ள மூன்று விளக்கங்கள், ஒவ்வொன்றும் சரியென்றால் பதிவேட்டில் எந்த எண் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருந்தால் அதைக் கைவிடுவீர்கள் என்று பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே எழுதித் தேதி போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.