வாடகைக்கு நேரே ஒரு சைபர்

மேடத்துக்கு வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, அரசலாற்றங்கரையில் ஓர் ஊர். மாமியார் வீட்டுக் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மே மாதம் என்பதால் ஆற்றில் மணல்தான் தெரிகிறது. மகளுக்கு லீவு, அதனால் வந்திருக்கிறோம்.

எனக்கு 39 வயது. கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகப் பெங்களூரில் இருக்கிறோம். ஒயிட்ஃபீல்டு பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை 31,000, மெயின்டனன்ஸ் 4,500. வருடா வருடம் ஏறுகிறது. 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீருக்குத் தனியாக வேறு வசூலித்தார்கள். என் கணவருக்குக் கையில் வருவது 92,000. எனக்கு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, சம்பளம் 28,000. ஸ்கூல் பீஸ், கார் லோன் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது ஆறாயிரம்.

இப்போது அவர் கம்பெனியில், விருப்பப்பட்டால் சொந்த ஊரிலிருந்தே நிரந்தரமாக வேலை பார்க்கலாம், சம்பளத்தில் 15 சதவீதம் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தால்கூட மாதம் 34,000 மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நானும் போட்டுப் பார்த்தேன். பதினோரு தடவை போட்டுவிட்டேன், மேடம். அதே 34,000தான் வருகிறது. அந்தத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மாமனார் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தைக்கு 71 வயது, தனியாக இருக்கிறார். மாயவரத்திலிருந்து நாத்தனார் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நிலம் ஒன்பது மா (மூன்று ஏக்கர்), குத்தகைக்கு விட்டிருக்கிறது. அதையும் இனி நானே பார்க்கிறேன் என்கிறார் என் கணவர். என் அம்மா தருமபுரியில் இருக்கிறார்.

அத்தை நல்லவர். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, எனக்கு வசதியாகச் சீரகத்தை நடுக்கிண்ணத்தில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் நடுவில் கடுகு இருந்தது. அவ்வளவுதான், இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மகள் எட்டாம் வகுப்பு போகிறாள். பள்ளியில் கன்னடம் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. 'அங்க வந்தா நான் அனா ஆவன்னாலேர்ந்தா ஆரம்பிக்கணும்?' என்று கேட்கிறாள்.

ஜூனுக்குள் முடிவு சொல்லு என்கிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் எனக்கு மனசு ஒப்பவில்லை? நான் சுயநலக்காரியா?

— ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

தாளைப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கணக்கு டீச்சர் போட்டது, இருக்காது. ஆனால் ஒரே கணக்கைப் பதினோரு தடவை போடுகிறவருக்கு, வந்த விடை பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். பிடிக்காததற்குக் காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

பெங்களூர் என்று எழுதிய பக்கம் வாடகை 31,000. ஊர் என்று எழுதிய பக்கம் வாடகைக்கு நேரே ஒரு சைபர். அந்தச் சைபரைச் சுற்றி நீங்களே பேனாவால் இரண்டு மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறீர்கள். கவனித்தீர்களா?

கும்பகோணத்திலும் யாரும் சும்மா வீடு கொடுப்பதில்லை. அது அத்தை வீடு என்பதால் சைபர். பணமாகக் கொடுக்காத வாடகையை வேறு விதமாகக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, வாசலில் யார் வந்தாலும் எழுந்து போய்க் காப்பி போடுவது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாமா கூடாதா, இதெல்லாம் அந்த வாடகையில் சேர்த்தி. பதினைந்து வருடம் உங்கள் வீட்டுச் சாவி உங்கள் கைப்பையில் இருந்தது. மாதம் பிறந்தால் உங்கள் பெயரில் 28,000 வந்தது. இரண்டையும் ஒரே நாளில் இறக்கி வைக்கச் சொன்னால் மனசு ஒப்பாதுதான். அதற்குச் சுயநலம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

அஞ்சறைப் பெட்டியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு 'குறை இல்லை' என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் முக்கியமான இடம் அதுதான். அத்தை பக்கமிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். ஐம்பது வருடத்துக்குப் பக்கமாக ஒருவருக்குச் சமைத்துப் போட்டு, அவரும் போய், ஒன்றரை வருடமாகத் தனியாக இருக்கிறார். வீட்டில் அவர் வைத்தது வைத்தபடி இருக்கும் இடம் அந்தப் பெட்டி ஒன்றுதானோ என்னவோ. இருட்டில் கை விட்டாலும் கடுகுதான் வரவேண்டும் அவருக்கு. நீங்கள் வைத்தது உங்கள் வசதிக்கு, அவர் மாற்றியது அவர் வசதிக்கு. தப்பு யாருடையதும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஒரு கிண்ணம் என்றால், ஒரு வருடத்தில் எத்தனை கிண்ணம்?

உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் பணத்தைப் பற்றியே பேசுகிறார் என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. எனக்கென்னவோ அவர் மனசில் இருப்பது பணம் இல்லை என்று படுகிறது. 'அப்பா போனப்ப நான் பக்கத்துல இல்ல, அம்மாவாவது தனியா இருக்கக் கூடாது' என்று வாய்விட்டுச் சொல்ல நம் ஊர் ஆண்கள் பலருக்கு வராது. சொன்னால் தொண்டை அடைக்கும். 34,000 மிஞ்சும் என்று சொல்வது சுலபம். குத்தகையை நிறுத்திவிட்டு நானே நிலத்தைப் பார்க்கிறேன் என்பதும் அந்த வகைதான். (லேப்டாப்பில் மீட்டிங்கும் வயலில் நடவும் ஒரே காலையில் நடக்காது. அந்த ஒன்பது மாவை இப்போதைக்குக் குத்தகைக்காரரிடமே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.) நீங்களும் அதே போலத்தான் செய்திருக்கிறீர்கள். 'என் அம்மா தருமபுரியில் இருக்கிறார்' என்று ஒரே வரி எழுதி நிறுத்திவிட்டீர்கள். பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் அம்மாவைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். கும்பகோணத்திலிருந்து முடியாது. அந்த வரி தாளில் எங்கேயும் இல்லை. ஆளுக்கொரு அம்மாவை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்தச் சைபரை அடித்துவிட்டு 12,000 என்று எழுதுங்கள். கும்பகோணம் டவுனில் ஒரு வாடகை வீடு. 34,000 இருந்த இடத்தில் 22,000 மிஞ்சும். இன்றைய ஆறாயிரத்தைவிட அது மூன்று மடங்குக்கு மேல். இங்கே ஒரு பள்ளியில் உங்களுக்குப் பாதிச் சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் பழைய கணக்கைத் தாண்டிவிடும். அத்தை எட்டு கிலோமீட்டரில் இருப்பார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் கிடையாது. அவர் நினைத்தால் வரலாம், நீங்கள் நினைத்தால் போகலாம், சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம்.

சொந்த வீடு இருக்க டவுனில் வாடகைக்கா என்று ஊர் பேசும். நாத்தனார் முதலில் பேசுவார். மகளுடைய பள்ளி, கணவருடைய இன்டர்நெட் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் பக்கம் அவ்வளவு அடி இல்லை. ஆனாலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு ஐப்பசி கார்த்திகையில் டவுன்தான் பத்திரம்.

இந்தத் தாளைக் காட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பணம்தான் காரணம் என்றால், '22,000மே போதும்' என்பார். முகம் வாடினால் விஷயம் அம்மாவைப் பற்றியது. அப்போது கோபப்படாமல், 'அத்தையைத் தனியா விட உங்களுக்கு மனசு வரலையா?' என்று நீங்களே கேட்டுவிடுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

தாளில் விட்டுப்போன சில்லறைகளையும் சொல்லிவிடுகிறேன். கர்நாடக நம்பர் காரைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், அங்கே தடையில்லாச் சான்று வாங்கி இங்கே பதிவை மாற்ற வேண்டும். இங்கே வரி கட்டிவிட்டு, அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்கலாம், கொஞ்சம் அலைச்சல். கரண்டில் உங்களுக்கு நஷ்டம்தான். அங்கே 2023 முதல், முந்தைய சராசரியைப் பொறுத்து, மாதம் 200 யூனிட் வரை வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசம். பெங்களூரில் ஃபேனே போதும் என்று இருந்தவர்களுக்கு இந்த ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் தூக்கம் வராது, அது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கம்பெனி நாளைக்கு மனசு மாறி ஆபீசுக்கு வா என்றால்? 'நிரந்தரம்' என்பதை எழுத்தில் வாங்காமல் பெங்களூர் வீட்டைக் காலி செய்யாதீர்கள். தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் ஐடி கம்பெனிகளுக்கான மினி டைடல் பூங்கா திறந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அதை நம்பி இருக்கிற வேலையைப் பணயம் வைக்கிற காலம் இன்னும் வரவில்லை.

இந்த ஜூனில் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் மட்டும் முதலில் வந்து, அம்மாவோடு மூன்று மாதம் இருந்து வேலை பார்க்கட்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி உங்கள் ஆற்றுக்கு வந்து, குறுவை நெல் அறுப்பு வரை இருந்து பார்க்கட்டும். மாதம் ஒருமுறை மைசூரு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை கும்பகோணம், நீங்களும் போய்வரலாம். சிறு வயதில் விட்டுப்போன ஊரும், நாற்பது வயதில் தினமும் குடியிருக்கிற ஊரும் ஒன்றா என்று அவருக்கே தெரிந்துவிடும். தீபாவளி லீவுக்கு நீங்களும் மகளும் வந்து மழையையும் பாருங்கள். மே மாத வெயிலை மட்டும் பார்த்து வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது, பொங்கல் நேரத்துப் பச்சையை மட்டும் பார்த்துச் சரி என்றும் சொல்லக்கூடாது. ஜனவரியில் முடிவு எடுத்தால் அடுத்த வருடப் பள்ளிச் சேர்க்கைக்கு நேரம் இருக்கும்.

இதில் இன்னும் யாரும் கேட்காத ஆள் அத்தை. மகன் குடும்பத்தோடு வருவதை அவர் விரும்புவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விரும்பலாம். தனியாக இருந்து பழகிவிட்டது, நீங்கள் டவுனில் இருந்தாலே போதும் என்றும் சொல்லலாம். கணவரையும் நாத்தனாரையும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். சமையலறையிலும் வேண்டாம். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அந்தக் கொல்லைத் திண்ணையில், கீரை ஆயும்போது கேளுங்கள்.

மகள் கேட்டதற்குப் பதில், ஆமாம், அனா ஆவன்னாவிலிருந்துதான். 2006 சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று சேர்க்கப்போகும் பள்ளியில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வருவது முடிவாகாவிட்டாலும் எழுத்தை இப்போதே ஆரம்பிக்கலாம். பேச்சு இருப்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். பாட்டியிடம் விடுங்கள். இந்த லீவிலேயே கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் பாட்டிக்கு அவள் படித்துச் சொல்லட்டும். பாட்டிக்குக் கண்ணாடி மறந்துபோனதாக இருக்கட்டும்.