ஃபேன் உறுமுவது புரோகிராமால் அல்ல

ஸ்மார்ட் ஸ்விட்சில் லைட்டுகள் ஒழுங்காக எரிகின்றன, டிம்மர் சேனலில் கொடுத்த ஃபேன் மட்டும் வேகத்தைக் குறைத்தால் உறுமுகிறது என்கிறீர்கள். ஆப்பில் எதையும் மாற்றாதீர்கள், தப்பு அங்கே இல்லை. டிம்மர் மின்அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். அந்த வெட்டுப்பட்ட அலைதான் மோட்டாரை உறும வைக்கிறது, சூடாகவும் ஆக்கும். கெபாசிட்டர் வைத்த ஃபேன் மாட்யூல் வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரை வயரிங்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பிஎல்டிசி ஃபேன், அதாவது ரிமோட்டில் வேகம் மாற்றும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் ஃபேன் என்றால் கதை வேறு. ஸ்விட்சில் ஆன், ஆஃப் மட்டும் போதும். ரிமோட் ஐஆர் (அகச்சிவப்பு) வகையாக இருந்தால், ரிமோட் சிக்னலைத் தானே அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் கருவிக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். அப்புறம் விடியற்காலை 3 மணிக்கு வேகம் குறைய ஷெட்யூல் போடலாம். என்னைக் கேட்டால் அதுதான் சுகம்.

ஸ்விட்சையோ ரெகுலேட்டரையோ கழற்றும் முன் எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கி ஆஃப் செய்துவிடுங்கள்.