சண்டை போடத் தெரியாத வீடு

வணக்கம் அக்கா,

இங்கே டர்பனில், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீட்டை நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். டிக்ஸ் என்று இங்கே சொல்வார்களே, அதுதான். நாலாவது ஆளால்தான் தொல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பையன், இளங்கலை படிக்கிறான். பேரைக் கேட்டால் நம்ம ஆள், ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. இரவு ஒரு மணிக்கு நண்பர்களைக் கூட்டி வந்து ஸ்பீக்கரில் அமாபியானோ என்கிற ஆட்டப்பாட்டு போடுகிறான். ப்ரீபெய்ட் கரண்ட் மீட்டருக்குக் காசு கட்டி டோக்கன் வாங்கும் நேரத்தில் ஆளைக் காணோம். கீசர் மட்டும் நாள் முழுக்க ஓடுகிறது. என் குழம்பைத் தின்றுவிட்டுக் கழுவாத டப்பாவை ஃப்ரிட்ஜிலேயே வைக்கிறான். வாடகையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறான். வாட்ஸ்அப் குழுவில் பல தடவை போட்டாகிவிட்டது (படம் இணைத்திருக்கிறேன்). ஃப்ரிட்ஜ் கதவில் எழுதியும் ஒட்டினோம். ஜூலை விடுமுறையில் அவன் ஊருக்குப் போனதும் பூட்டை மாற்றி, சாமானைக் கராஜில் போட்டுவிடலாம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, பொறுமையும் போய்விட்டது. பொறுத்துப் போவதா, வெளியேற்றுவதா?

எஸ்., டர்பன்

அன்புள்ள எஸ்.,

பூட்டு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாற்றாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவர் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைக்கு இருப்பவரை இஷ்டத்துக்கு வெளியே நிறுத்திப் பூட்டுவதும், மின்சாரம் தண்ணீரை நிறுத்துவதும் வாடகை வீட்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். வீட்டுக்காரருக்கே இல்லாத அதிகாரத்தை நீங்கள் மூன்று பேரும் எங்கிருந்து எடுத்தீர்கள்? மாணவர் விசாவில் இருக்கிற பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். யோசனை சொன்ன அந்த இரண்டு பேரும் அப்போது கூட வரமாட்டார்கள்.

அப்புறம் அந்த 'தமிழ் ஒரு சொல் தெரியாது'. இங்கே படிக்க வருகிற நம் பிள்ளைகள் பலரும் வந்த மாதமே இதைச் சொல்லிவிடுகிறார்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குப் பள்ளிக்கூடம் இங்கிலீஷைத்தான் கொடுத்தது. அப்படியும் தைப்பூசக் காவடி நிற்கவில்லை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை. அது போகட்டும், அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் கீசரை அணைத்திருப்பானா? விருதுநகரில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் மோட்டாரை அணைத்துவிட்டா தூங்கப் போகிறார்கள்?

குழம்பையும் விட்டுவிடுங்கள். வீட்டை விட்டு வந்த பையன், ராத்திரி பசியில் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறான். நீங்கள் வைத்த குழம்பை ஒருத்தன் டப்பாவோடு காலி செய்கிறான் என்று தெரிந்தால் உங்கள் அம்மா சந்தோஷப்படுவார்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது வேறு. நீங்கள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படம். 'எல்லோரும் தயவுசெய்து சமையலறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்', பக்கத்தில் ஒரு கும்பிடு. அடுத்த வாரம் 'எல்லோரும் இரவில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டால் நல்லது', அதற்கும் ஒரு கும்பிடு. இரண்டுக்கும் அவன் கட்டைவிரல் போட்டிருக்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் இருப்பது நாலு பேர். ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டியதை 'எல்லோரும்' என்று எழுதினால் அவன் அதை மற்றவர்களுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வான். கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், தம்பி. அவன் எதிரே நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'நேற்று ராத்திரி நான் தூங்கவே இல்லை' என்று ஒரு தடவையாவது சொன்னதாக எங்கேயும் இல்லை.

போன வாரம் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கறிவேப்பிலை மரம் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்கிறதாம், புகார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வேலி ஓரமாக நின்று எனக்குக் குட் மார்னிங் சொல்கிறவர். அந்த மரத்திலிருந்து இலை கேட்டு வாங்குகிறவர். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளையை வெட்டியிருப்பேன். அதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நமக்குச் சண்டை போடுவது மறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கிறோம், ஒருநாள் நேராகப் பூட்டை மாற்றப் போய்விடுகிறோம்.

கல்யாணமாகி டர்பன் வந்த புதிதில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு அவுட்பில்டிங்கில், அதாவது ஒரு வீட்டோடு சேர்ந்த தனிக் கட்டடத்தில், குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா வயதானவர், எல்லோருக்கும் ஆயா. மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். சோம்ட்ஸ்யூ ரோடு பக்கம், டர்பன் நகரசபை தன்னிடம் வேலை செய்த இந்தியர்களைக் குடிவைத்த இடம் அது. தெரு கூட்டியவர்கள், குப்பை அள்ளியவர்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நெருக்கியடித்த வரிசை வீடுகள், பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். ஆயாவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி. அந்தம்மா வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாராம்; வரிசையில் தன் இடம் போகக் கூடாதென்று. ஆயா அந்த வாளியை எட்டி உதைப்பார். பிறகு இரண்டு பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவே கேட்க, பரம்பரை முழுவதையும் இழுத்துத் திட்டுவார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சாயங்காலம் அந்தம்மாவின் பிள்ளை ஆயா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஆயா ஒன்றும் தங்கமான பெண்மணி இல்லை. வாடகை ஒரு நாள் தள்ளினால் என் ஜன்னலடியில் நின்று, தெருவில் போகிற யாரிடமோ சொல்வதுபோல என்னைத் திட்டுவார். ஆனால் என்ன குறை என்பது எனக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அவர் மனதில் எதுவும் மிச்சமிருக்காது.

1960களில் அந்த ஜனங்களைப் பாரக்ஸிலிருந்து கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எந்த இனத்தான் எங்கே குடியிருக்கலாம் என்று 1950ல் சட்டம் போட்டு நகரத்தையே பங்கு பிரித்த காலம். சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே ஆயாவுக்கு பேவ்யூ பகுதியில் வீடு கிடைத்தது, அந்தம்மாவுக்கு மூர்ட்டனில். 'அவளோட சண்டை போடணும்னா பஸ் ஏறணும்னு ஆயிடுச்சு' என்று என்னிடம் சொல்வார். சிரிக்கமாட்டார். வீட்டில் போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுத் திட்டிக்கொள்வார்கள். நான் கேட்டிருக்கிறேன். வாளி விஷயம் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

குழாயடியில் அவ்வளவு கத்தினவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கிளப்ப நினைத்ததே இல்லை. கிளப்பியது கோட்டு போட்டுக்கொண்டு, மரியாதையான இங்கிலீஷில் நோட்டீஸ் கொடுத்த ஆட்கள். நீங்கள் படிக்கிற வளாகத்தின் ஆரம்பமும் அதே பங்கு பிரிப்பில்தான்: இந்தியர்களைத் தனியாக ஒதுக்குவதற்காக 1961ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் திறந்த கல்லூரி, மாணவர்கள் படகில் போய் வந்தார்கள். ஒருத்தனின் மூட்டையைத் தூக்கி வெளியே வைக்கலாம் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு எழுதும்போது கொஞ்சம் கை நடுங்க வேண்டாமா?

சரி, எப்படிச் சண்டை போடுவது? ராத்திரி ஒரு மணிக்குப் போடாதீர்கள். அவன் நண்பர்கள் முன்னால் போட்டால் அவன் அவர்களுக்காகப் பேசுவான், உங்களுக்குப் பதில் சொல்லமாட்டான். மற்ற இருவரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு போகாதீர்கள், அது பஞ்சாயத்து ஆகிவிடும். சனிக்கிழமை மதியம், அவன் எழுந்து பல் தேய்த்த பிறகு, தனியாக. தூக்கத்தை மட்டும் பேசுங்கள். 'வார நாளில் பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, எனக்குக் காலையில் லேப்' என்று நேராகச் சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் உயரட்டும். அவன் திருப்பிக் கத்துவான். உங்கள் பேரிலும் அவனுக்கு ஒரு பட்டியல் இருக்கும், நீங்கள் தாளிக்கிற நெடியிலிருந்து ஆரம்பிக்கும். கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் சீட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டுங்கள். இனி வாரம் ஒருத்தர் வாங்கட்டும். அவன் முறை வரும்போது, மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கினாலும் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். அந்த இருபது இலக்க எண்ணை அவனே நின்று அடிக்கட்டும். கீசருக்கு ஒரு டைமர் போட வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நாலு பேரும் ஒரே தாளில் கூட்டுப் பொறுப்பாகக் கையெழுத்து போட்டிருந்தால் அவன் உடைப்பதற்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். வீட்டுக்காரருக்குத் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். அவரும் அசையவில்லையென்றால் வாடகை வீட்டு நடுவர் மன்றம் இருக்கிறது, புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வெளியேற்றும் உத்தரவு மட்டும் அவர்கள் கையில் இல்லை, அது நீதிமன்றத்தின் வேலை.

சண்டை போட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அவன் பாட்டு போடுகிறான், தின்கிறான், கட்டைவிரல் போடுகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்புடன்,
அக்கா